ஞாயிற்றுக்கிழமை எஞ்சின்

அந்த மனிதரின் கார் எஞ்சினில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். சாப்பிடலாம்தான், அவ்வளவு சுத்தம். ஆனால் அவர் வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வருஷக்கணக்கில் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் குடிக்க மனம் வரவில்லை.

பெயர் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் எங்காவது நல்ல நிலையில் இருப்பார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எங்களுக்கெல்லாம் அவர் டீமேக்கர் ஐயா. பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், மலையில் பறித்த கொழுந்து ஸ்டோருக்கு வந்து சேர்ந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் அடைபடும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் அதே தோட்டத்தின் மருத்துவச்சி. ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அவர் குடும்பம், இந்தப் பக்கம் நான். சுவர் இருந்தது சத்தத்துக்குத்தான். அவருடைய மண்ணெண்ணெய் வாடைக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

சுதந்திரம் கிடைத்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார்களில் சிலர் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அப்படிப் போன ஒருவரிடமிருந்து அவர் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கினார். அந்தக் கார் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். மழை பெய்தால் ஹட்டனுக்குப் பஸ்ஸில் போவார். ரோட்டுச் சேறு தெறித்து எஞ்சினில் ஏறிவிடுமாம். எங்கள் மலையில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணலாம். ஆகவே காரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் இடிபட்டுப் போன ஒரே ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவராகத்தான் இருந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகி எதிர்மலை தெரிய ஆரம்பித்ததும் பானட்டைத் தூக்கும் சத்தம் கேட்கும். காக்கிக் கால்சட்டை, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பனியன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார். தண்ணீர் போகக் கூடாத இடங்களை எண்ணெய்த்துணியால் மூடி, புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோலச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். பிறகு மூங்கில் சிம்பால் கிரீஸ் கட்டிகளைச் சுரண்டுவார். டின்பால் டப்பாவில் மண்ணெண்ணெயை ஊற்றி, பிரஷ்ஷைத் தோய்த்து மூலை முடுக்கெல்லாம் பூசுவார். ஊறட்டும் என்று ஒரு சுருட்டைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அப்புறம் சவர்க்காரம் கரைத்த சுடுதண்ணீர். கேத்தலின் மூக்கைச் சாய்த்துச் சாய்த்து, சாமிக்கு அபிஷேகம் செய்கிற பக்தியோடு ஊற்றுவார். கடைசியில் சைக்கிள் பம்பால் காற்றடித்து ஈரத்தை விரட்டி, ரப்பர் குழாய்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவி, எஞ்சினை ஓடவிட்டு அதன் மேல் காதை வைத்துக் கேட்பார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமானால் அந்த நேரம்தான் பார்க்க வேண்டும்.

இதில் என்ன குறை, ஒரு மனிதர் தன் பொருளைச் சுத்தமாக வைத்திருப்பது நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அந்த அழுக்கு எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் அந்த நினைப்பு போயிற்று.

சுரண்டிய கிரீஸ் கட்டிகளை என் பக்கத்து வேலிக்கு இந்தப்புறம் வீசுவார். நான் போட்டிருந்த பீன்ஸ் செடிகளின் இலையிலெல்லாம் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவிய தண்ணீர் என் குசினிக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் விழுந்து, மேட்டிலிருந்து இறங்கி, லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய்க்கு மேலே ஓடைத் தண்ணீரோடு சேரும். லயத்துப் பெண்களுக்கு ஓய்வு கிடைப்பதும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றுதான் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள், துணி துவைப்பார்கள், குடிக்கக் குடத்தில் பிடித்துப் போவார்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக மினுங்கிக்கொண்டு வரும். கைப்பிள்ளைகளுக்குச் சொறி வந்து என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஐயா, இந்தத் தண்ணியத்தான் கீழ சனங்க குடிக்குது. வேற பக்கம் திருப்பி விட்டா என்னா?"

அவர் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"இங்க சுத்தமாயிருச்சா பாருங்க தங்கச்சி. அம்புட்டுதான் நம்ம வேல."

இது அவர் வாயில் எப்போதும் இருந்த பேச்சு. வீட்டைக் கூட்டினால் குப்பை என் வாசலுக்கு வரும். கோழிக்கூட்டைக் கழுவினால் அது என் பக்கத்துச் சுவரோரம் வழியும். யாராவது கேட்டால், இங்க சுத்தமாயிருச்சா, அம்புட்டுதான். தனிமையில் என்னைத் தங்கச்சி என்பார். தோட்டத்தை நிர்வகித்த துரை முன்னால் மருத்துவச்சி அம்மா என்பார். இரண்டுமே எனக்குப் பிடிக்காது.

அவர் கைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என் தொழிலுக்குக் கைதான் எல்லாம். ஒரு பிரசவத்துக்குப் போகுமுன் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் தாயைத் தொடுவேன். அவர் எஞ்சினுக்குச் செலவிட்ட சவர்க்காரத்தில் ஒரு துண்டைக்கூடத் தன் கைக்குச் செலவிட மாட்டார். துணியில் துடைத்துக்கொள்வார், அவ்வளவுதான். நகக்கண் எல்லாம் கறுப்பு, ரேகையெல்லாம் கறுப்பு. அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிடுவார். ஒரு தீபாவளிக்கு அவரே பலகாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். முறுக்கின் மேல் அவர் கட்டைவிரல் அச்சு, ரேகை ரேகையாக, கறுப்பாகப் பதிந்திருந்தது. சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர் திரும்பியதும் கோழிக்குப் போட்டேன். கோழி தின்றது, அதற்கு என்ன தெரியும்!

அவர் மனைவி தங்கமான மனுஷி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு திங்கட்கிழமை காலையில் வேலியோரம் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நேத்து என் பல் பிரஷ்ஷக் காணோம்னு தேடுனேன்மா. எஞ்சின் இடுக்கத் தேய்க்க எடுத்திருக்காரு. கேட்டா, சுடுதண்ணில கழுவி மறுபடியும் மாடத்துலயே வச்சிட்டேனே, இன்னும் என்னாங்குறாரு."

"அப்பறம் என்னா பண்ணுனீங்க?"

"என்னத்தப் பண்றது! நேத்துலருந்து கரியால வெளக்குறேன்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தோட்டத்தில் இருந்த பெரிய பேர் என்ன தெரியுமா? மூக்கு. அவர் மூக்குக்குத் தப்பி ஒரு வாசம் ஸ்டோருக்குள் நுழைய முடியாது என்பார்கள். தேயிலைக்குப் பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் அதை இழுத்துக்கொள்ளும், அது உண்மைதான். அதனால் ஸ்டோரில் வேலை செய்கிற பெண்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, பூண்டு தின்றுவிட்டு வரக் கூடாது. இதெல்லாம் எல்லா ஸ்டோரிலும் உள்ள சட்டம். ஆனால் எங்கள் ஸ்டோரில் மட்டும்தான் டீமேக்கர் வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணையும் முகர்ந்து பார்த்து உள்ளே விடுவார்.

காலையில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் முக்காட்டை இறக்கித் தலையைக் குனிய வேண்டும். அவர் வகிட்டில் மூக்கை வைத்து மூச்சை இழுப்பார். சிலரிடம் வாயைத் திறக்கச் சொல்லுவார். ஒன்றும் பேசாமல் கையை உள்ளே காட்டினால் வேலை. வெளியே காட்டினால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை, திரும்பி லயத்துக்குப் போக வேண்டியதுதான்.

"பூண்டு" என்பார். அல்லது "எண்ணெ." ஒற்றைச் சொல்தான்.

"சாமி சத்தியமா நான் பூண்டு தின்னலீங்க ஐயா" என்று அழுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர் அடுத்த தலைக்குப் போய்விடுவார். வாலிபப் பெண்கள் கூசிப்போய் நிற்பார்கள். என்னிடம் வந்து சொல்லி அழுத பெண்கள் உண்டு. வேலைக்கு வேண்டிய சோதனை என்று எல்லாரும் நம்பியதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வரிசையில்தான் மாரியாயியும் நிற்பாள். மாரியாயிக்கு இழுப்பு வியாதி. மழையில் நனைந்தால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். முன்பு மலையில் கொழுந்து எடுத்தாள். ஒரு மழைக்காலத்தில் கூடையோடு சரிந்து விழுந்து, நீலம் பாரித்த உதட்டோடு அவளைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு மழையை அவள் மலையில் தாங்க மாட்டாள் என்று துரையிடம் நானே போய்ச் சொல்லி, ஸ்டோர் மாடியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். பச்சைக் கொழுந்தை வாட்டுகிற மாடி அது. தட்டுத் தட்டாகக் கட்டிய சாக்குகளில் கொழுந்தைத் தூவுவார்கள். கீழேயிருந்து வெப்பக் காற்று வரும். அந்தச் சூட்டில் அவள் நெஞ்சு இளகியது. இழுப்பு நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் படுத்துத் தூங்குகிற அளவுக்கு மூச்சு வந்தது.

"இந்த மாடிதாம்மா எனக்கு மருந்து" என்பாள்.

அந்த வருஷம் தென்மேற்கு மழை பிடித்தது பிடித்ததுதான். வாரக்கணக்கில் வெயிலே இல்லை. பிரசவத்துக்கு வைத்திருந்த ஆஸ்பத்திரித் துணிகள் எனக்குக் காயவில்லை. பழைய வேட்டி, சேலைகளைக் கிழித்து, வேகவைத்துத் துவைத்து, ஓரத்தில் நீல நூலால் அடையாளம் தைத்து வைத்திருப்பேன். பிறந்த பிள்ளையை முதலில் வாங்குவது அந்தத் துணிகளில்தான். ஈரத்துணியில் பச்சைப்பிள்ளையை எப்படிச் சுற்றுவது? வேறு வழியில்லாமல் டீமேக்கரிடம் போய், ஸ்டோர் மாடியில் ஒரு மூலையில் இதைக் காயப்போட இடம் தர முடியுமா என்று கேட்டேன்.

கேட்டிருக்கவே வேண்டாம். ஸ்டோர் வாசலில் எல்லாருக்கும் கேட்கப் பாடம் நடத்தினார்.

"தேயிலன்னா சின்னப் புள்ள மாதிரி. பக்கத்துல என்னா இருந்தாலும் கத்துக்கிரும். ஆஸ்பத்திரித் துணியக் கொண்டாந்து மாடியில போடணுங்கிறீங்களே, படிச்சவங்கதானா நீங்க?"

துணிகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, என் குசினி அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய வைத்தேன். மிச்சத்தைப் பின்தாழ்வாரத்தில் போட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு எட்டிப் பார்த்தால் அவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருப்பது என் துணியில். நீல நூல் ஓரம் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைக்கென்று வேகவைத்த துணி, கிரீஸில் புரண்டுகொண்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அது எங்க ஆஸ்பத்திரித் துணி! யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"நல்லா மெதுவா இருக்கு தங்கச்சி. நம்ம சாக்குத் துணி எஞ்சின்ல நாரு நாரா ஒட்டுது. துவைச்சிக் காயவச்சிக் குடுத்துர்றேன், கோவிச்சுக்காதீங்க."

"எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க" என்று கதவை அடைத்தேன். அந்தத் துணியை இனி எந்தப் பிள்ளைமேல் போடுவது? எரிக்கத்தான் வேண்டும்.

அந்தச் சமயம் துரை ஒரு வாரம் கொழும்புக்குப் போயிருந்தார். திரும்பி வந்த மறுநாள் காலையில் எனக்கு ஆள் வந்தது. ஸ்டோருக்கு உடனே வரச் சொன்னார்களாம். போய்ப் பார்த்தால் ஸ்டோர் வாசலில் துரை நிற்கிறார், டீமேக்கர் நிற்கிறார், நடுவில் மாரியாயி முக்காடு இல்லாமல் நிற்கிறாள். அழுதழுது அவள் நெஞ்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. மற்றப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

நடந்ததைத் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் எனக்குச் சுருக்கமாகச் சொன்னார். துரை வழக்கம்போலத் தேயிலை ருசி பார்க்க உட்கார்ந்தாராம். முதல் கோப்பையை வாயில் வைத்தவுடன் துப்பிவிட்டு, "மண்ணெண்ணெய்!" என்று கத்தினாராம். ஒரு வாரத்துத் தேயிலையில் பாதிக்கு மேல் அதே வாடை. டீமேக்கர் உடனே, "ஆமா தொரை, எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாராம். மாடியில் வேலை செய்யும் பெண்களை வரிசையில் நிறுத்தி மறுபடியும் முகர்ந்தாராம். மாரியாயியின் தலைக்கு வந்ததும் நின்று, "இந்தா இருக்கு, மண்ணெண்ணெ. பேனுக்குத் தடவிக்கிட்டு வந்திருக்கா" என்றாராம்.

பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுவது லயத்தில் வழக்கம்தான். அதனால் யாருக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை.

துரை என்னைப் பார்த்தார். அவர் பேசுவது தோட்டத்துத் துரைமாரின் தமிழ், அதில் மரியாதை மட்டும் இருக்காது.

"நீதான் இந்தப் பொம்பளைக்கு மாடி வேலை கேட்டது. இப்ப தேயிலை நாசம். தலை பாரு. மண்ணெண்ணெய் இருந்தா இவ மலைக்குப் போகணும்."

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மலைக்குப் போ என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், மாரியாயிக்கும் தெரியும்.

"நான் தடவலம்மா, எம்புள்ள மேல ஆணையா தடவலம்மா" என்று அவள் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள்.

அவள் தலையை விளக்கடியில் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன். பேனும் இல்லை, ஈரும் இல்லை. முகர்ந்தேன். அடுப்புப் புகை வாசம் அடித்தது, வேறொன்றும் இல்லை. அதைத் துரையிடம் சொன்னேன்.

"காலையில தலைக்கு ஊத்திட்டு வந்திருப்பா" என்றார் டீமேக்கர் சட்டென்று. "நான் மோந்தப்ப இருந்துச்சு தொரை."

அப்போதுதான் மாடியிலிருந்து காற்று ஒரு வாடையைக் கீழே கொண்டுவந்தது. எனக்குத் தெரியாத வாடையா அது! துரையும் தலையை நிமிர்த்தினார். விறுவிறுவென்று படியேறினார். நாங்களும் பின்னால் போனோம். மேலே போகப் போக வாடை மூக்கைத் துளைத்தது. மாடியில் வேலை செய்த பெண்களுக்கும் அது அடித்திருக்கும், ஐயாவுக்குப் பயந்து யார் வாய் திறப்பது? வெப்பக் காற்றைத் தள்ளுகிற விசிறிக்குப் பின்னால், யாரும் போகாத இடுக்கில், ஒரு கம்பி கட்டி வரிசையாகத் துணிகள் தொங்கின. துவைத்த துணிகள்தான், ஆனால் மழைக்காலத்தில் அவர் துவைத்த துவைப்பில் எண்ணெய் எங்கே போகும்? சூடான காற்று அவற்றின் ஊடாக வந்து நேராகக் கொழுந்தின் மேல் வீசிக்கொண்டிருந்தது. நாலைந்து துணிகளின் ஓரத்தில் நீல நூல்.

துரை ஒன்றை உருவி எடுத்தார்.

"யார் துணி இது?"

எனக்கு முந்திக்கொண்டு டீமேக்கர் பேசினார். நடுக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை.

"ஆஸ்பத்திரித் துணி தொரை. ஓரத்துல நீல நூலு பாருங்க. மருத்துவச்சி அம்மா காயப்போட எடம் கேட்டாங்க, நான் முடியாதுன்னேன். எனக்குத் தெரியாம யாரையோ வச்சுப் போட்டிருக்காங்க. மாரியாயி மாடியிலதான வேல செய்யிறா."

ஒரே வாயில் என்னையும் அவளையும் சேர்த்துப் பூசிவிட்டார். துரை என் பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டியா?"

"கேட்டது உண்மை. முடியாதுன்னுட்டாரு. அப்பறம் என் தாழ்வாரத்துலருந்து இவரே எடுத்துட்டுப்போயி காரு தொடச்சாரு."

"காரு தொடைக்க எங்கிட்டத் துணி இல்லையா தொரை? இந்த அம்மா கோவத்துல பேசுறாங்க."

துரை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் சொல்வதும் பொருந்துகிறது, நான் சொல்வதும் பொருந்துகிறது. கையிலிருந்த துணியை டீமேக்கரிடம் நீட்டினார்.

"மோந்து பாத்து சொல்லு. என்னா வாசம்?"

டீமேக்கர் துணியை இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்து, கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்தார்.

"மருந்து வாசம் தொரை. ஆஸ்பத்திரி மருந்து."

நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். மண்ணெண்ணெய் நெடியில் என் கண் எரிந்தது. மாரியாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். துரை அசையவில்லை.

"இன்னொரு தடவை."

அவர் மறுபடி இழுத்தார். இந்த முறை இன்னும் நீளமாக.

"மருந்துதான் தொரை. சந்தேகமே இல்ல. கொதிக்கவச்ச ஆஸ்பத்திரித் துணி."

எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் அவருக்கு ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லாமலே துணியை மூன்றாம் தடவை மூக்குக்குக் கொண்டுபோனார். மெதுவாக முகர்ந்தார். பிறகு தன் விரல்களை முகர்ந்தார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த பயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

துரை மாரியாயியைப் பார்த்து, "நீ வேலை செய்" என்றார். டீமேக்கரிடம், "ஆபீசுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டீமேக்கர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் எனக்கு இரக்கம் வந்தது. பானட்டுக்குள்ளேயே வருஷக்கணக்கில் தலையை வைத்திருந்ததால் போயிற்றோ, வேறு வியாதியோ, மூக்குச் செத்துப்போய் எத்தனை காலமோ. டீமேக்கருக்கு மூக்கு இல்லை என்றால் பிழைப்பு இல்லை. தேயிலையின் பதத்தைக் கடிகாரத்தைப் பார்த்தும் கொழுந்தின் நிறத்தைப் பார்த்தும் ஒப்பேற்றியிருக்கிறார். வீட்டில் அக்கா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றெல்லாம் நினைத்தேன்.

மாரியாயி மூச்சு சற்று அடங்கியதும் சாக்கில் கொழுந்தைத் தூவ ஆரம்பித்தாள். ஒரு கைப்பிடிக் கொழுந்தோடு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு வாசமே தெரியாதாம்மா?"

"தெரியாது போலத்தான் இருக்கு."

அவள் கையிலிருந்த கொழுந்தைத் தூவி முடித்தாள்.

"அப்ப இம்புட்டு நாளா எங்க தலைல மூஞ்சிய வச்சிக்கிட்டு என்னா பண்ணுனாரு?"

வந்த இரக்கம் அங்கேயே செத்தது. பூண்டு என்றாரே, எண்ணெய் என்றாரே, அழ அழத் திருப்பி அனுப்பினாரே, எல்லாம் முகத்தைப் பார்த்துச் சொன்னதா? பிடித்தவள், பிடிக்காதவள், கூசியவள், முறைத்தவள் என்று பார்த்துச் சொன்னதா? வாலிபப் பெண்களின் தலையில் அந்தக் கறுத்த கையை வைத்து அழுத்தியதும் நினைவுக்கு வந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

கீழே வாசலில், சாரல் அடிக்கிற இடத்தில், ஒரு சின்னப் பெண் கொங்காணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றாள். காலையில் பூண்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவள். வீட்டுக்குப் போகாமல் அப்படியே நின்றிருக்கிறாள். மேலே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அம்மா, நான் பூண்டே தின்னலம்மா. நீங்க ஒருக்கா மோந்து பாத்து ஐயாகிட்டச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி, சாக்கை இறக்கி, என் முன்னால் தலையைக் குனிந்தாள்.

"தலையத் தூக்கு புள்ள" என்றேன். "உள்ள போயி வேலையப் பாரு."